வகுப்பறைக்கு வரும் பயிற்றுநர்: எந்த உதவி நிற்கிறது, எது கரைந்துபோகிறது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பணியில் சேர்ந்த பிறகு கிடைக்கும் தொழில்சார் உதவிகளில், குறுவள மையக் கூட்டத்தையும் இணையவழிப் பயிற்சியையும் விட அதிகப் பலன் தரக்கூடியது ஒன்று உண்டு. ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கே வந்து, ஒரு பாடவேளை முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆசிரியரோடு தனியாகப் பேசும் அந்த அரை மணி நேரம். 'தரக்கூடியது' என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் அந்த அரை மணி நேரம் பல பள்ளிகளில் பத்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்திலும் பாதி செல்பேசியில் பதிவேற்றுவதற்கே போய்விடுகிறது. இருக்கும் ஏற்பாட்டை வைத்தே இதைச் சரிசெய்ய இடமிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டமைப்பு பலருக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு வட்டார வள மையம், அதன் கீழே பல குறுவள மையங்கள், ஒவ்வொரு குறுவள மையத்தின் கீழும் சுற்றுவட்டாரப் பள்ளிகள். 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் உருவாகி, 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் வந்த ஏற்பாடு இது. பள்ளிகளுக்குப் போய் உதவ வேண்டியவர் ஆசிரியர் பயிற்றுநர், பேச்சுவழக்கில் பி.ஆர்.டி.இ. நிர்வாக ஆய்வுக்கு வருபவர் வட்டாரக் கல்வி அலுவலர். தாளில் இருவருடைய வேலையும் வேறு வேறு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு அந்த வேறுபாடு தெரிகிறதா என்பதில்தான் சேவையின் தரமே இருக்கிறது.

முதலில் குறுவள மையக் கூட்டம். நாற்பது ஐம்பது ஆசிரியர்கள் ஒரு பள்ளியின் பெரிய வகுப்பறையில் கூடுவார்கள். ஒரு கருத்தாளர் அடுத்த பருவத்துக்கான ஆசிரியர் கையேட்டை எடுத்துச் சொல்வார், சில காணொலிகள் ஓடும், குழுவாகப் பிரிந்து சார்ட் தாளில் எழுதி ஒட்டுவார்கள். புதிய திட்டம் ஒன்று வரும்போது இது தேவைப்படுகிறது. 2022 ஜூனில் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்து ஒரே அறையில் நடத்துவது எப்படி என்பதை எல்லா ஆசிரியருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல இதைவிட வேறு வழி இல்லை. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அது விரிந்தபோதும் அப்படித்தான். பாடப்பொருளையும் பயிற்சி நூலையும் அறிமுகப்படுத்தக் கூட்டம் போதும். இந்தப் பகுதிக்கு நல்ல மதிப்பெண்ணே போடலாம்.

கற்பிக்கும் பழக்கத்தை மாற்றும் வேலையில்தான் கூட்டம் தோற்கிறது. கூட்டத்தில் கருத்தாளர் நடத்திக் காட்டும் வகுப்பில் குழந்தைகளாக உட்கார்ந்திருப்பவர்கள் ஆசிரியர்கள். அவர்கள் யாரும் தவறாக விடை சொல்வதில்லை, பென்சில் தொலைந்துவிட்டது என்று அழுவதில்லை. திங்கட்கிழமை உண்மையான வகுப்பில் அரும்பு நிலைக் குழுவுக்குச் செயல்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பினால் மொட்டு நிலைக் குழு வேலையை முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டுப் பழையபடி கரும்பலகையில் எழுதிப் போடுவதற்கே ஆசிரியர் திரும்புகிறார். இதை ஆசிரியரின் சோம்பலாகப் படிப்பது பெரிய தவறு.

ஈராசிரியர் பள்ளிகள் கொடுக்கும் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவரிடம் ஐந்து வகுப்பும் சேர்ந்துவிடும். அன்றைக்கு அந்தப் பள்ளியில் பாடம் நடக்காது, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது மட்டும் நடக்கும். ஒரு நாள் பயிற்சியின் செலவு என்பது பயணப்படியும் தேநீரும் மட்டும் இல்லை, ஒரு முழு நாள் வகுப்பும்தான். பயிற்றுநர் பள்ளிக்கு வந்தால் அந்த இழப்பு கிடையாது.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2015-இல் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், செட்ஸ்வானா தாய்மொழியில் வாசிக்கக் கற்பிக்கும் ஏழைப் பள்ளிகளில் அது தொடங்கியது. ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதிப் பள்ளிகளுக்கு வழிகாட்டி நேரில் வகுப்புக்கே போனார். இரு தரப்புக்கும் பாடத்திட்டக் குறிப்பும் வாசிப்புப் பொருள்களும் ஒன்றுதான். இரண்டு ஆண்டு முடிவில் மையப் பயிற்சி பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் வாசிப்பில் 0.12 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை வைத்து முன்னேற்றத்தை அளக்கும் அலகு) முன்னேறியிருந்தார்கள், வழிகாட்டி போன பள்ளிகளில் 0.24. நேரில் போவதற்குச் செலவு அதிகம்தான், செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பலன் அதைவிட அதிகம். நம் ஊர்ப் பள்ளிகளின் நிலைமைக்கு அமெரிக்க ஆய்வுகளைவிட இதுதான் நெருக்கமானது.

சரி, நல்ல பள்ளிப் பார்வை என்றால் எப்படி இருக்கும்? ஒரு பாடவேளையைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். பயிற்றுநர் பாடம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: இன்றைக்குப் பாடம் முடியும்போது பிள்ளைகளால் என்ன செய்ய முடிய வேண்டும்? எந்த இடத்தில் சிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? "கடன் வாங்குறது எல்லாருக்கும் வந்துடும் சார், கடைசி வரிசைதான் கொஞ்சம் தடுமாறும்" என்று ஆசிரியர் சொன்னால், பயிற்றுநர் உட்கார வேண்டிய இடம் கடைசி வரிசை. ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஆசிரியரின் முகமும் முதல் வரிசையும்தான் தெரியும்.

பாடம் நடக்கும்போது எழுத வேண்டியது நடந்தது மட்டும். 'நன்று', 'ஆர்வம் குறைவு' போன்ற மதிப்பீட்டுச் சொற்கள் எதுவும் அந்தத் தாளில் வரக் கூடாது. நேரத்தோடு, சொன்ன சொல்லோடு எழுத வேண்டும். இப்படி:

11.05 – கரும்பலகையில் 53 − 28. "மூணுல எட்டு போகுமா?" வகுப்பு: "போகாது." "அப்ப என்ன பண்ணணும்?" "கடன் வாங்கணும்."

11.09 – ஆசிரியரே விடை 25 என்று எழுதினார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்."

11.11 – நோட்டில் போட 64 − 29.

11.16 – கடைசி வரிசையில் ஐந்து பேரில் மூன்று பேர் விடை 45. நடு வரிசையில் இரண்டு பேர் அதே 45.

11.20 – ஆசிரியர் முதல் வரிசை நோட்டுகளைத் திருத்தினார். 35, சரி. "எல்லாரும் போட்டாச்சா?" "போட்டாச்சு டீச்சர்."

இந்த ஐந்து வரியில் அன்றைய உரையாடலுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. ஒரு பயிற்றுநரின் திறமையை எடைபோட வேண்டுமானால் அவர் இந்தத் தாளிலிருந்து எதை எடுக்கிறார் என்று பார்த்தால் போதும். அனுபவம் குறைந்தவர் கரும்பலகை எழுத்து, சுவரில் கற்றல் உபகரணம் இல்லாதது, குழுவாக உட்கார வைக்காதது, குரல் என்று எட்டுப் பத்து குறை சொல்வார். தேர்ந்தவர் 45 என்ற அந்த விடையில் கை வைப்பார்.

ஏனென்றால் 45 இரண்டு வழியில் வரும். ஒரு பிள்ளை எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கலாம்: ஒன்பதில் நான்கு போனால் ஐந்து, ஆறில் இரண்டு போனால் நான்கு. இன்னொரு பிள்ளை சரியாகக் கடன் வாங்கிப் பதினான்கில் ஒன்பதைக் கழித்து ஐந்து எழுதிவிட்டு, கடன் கொடுத்த ஆறை ஐந்தாகக் குறைக்க மறந்திருக்கலாம். இருவருடைய நோட்டிலும் 45. முதல் பிள்ளைக்குப் பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். அவனுக்குப் பத்துகளும் ஒன்றுகளும் இரண்டு தனிக் கணக்காகத் தெரிகின்றன. இரண்டாவது பிள்ளைக்குக் கருத்து விளங்கியிருக்கிறது, ஆறை அடித்து மேலே ஐந்து எழுதும் பழக்கம் மட்டும்தான் வேண்டும். கரும்பலகையில் போட்ட 53 − 28-லும் இதே சிக்கல் உண்டு, இரண்டு தவறும் 35 என்றே வரும். ஒன்றுகளின் இடத்தில் வித்தியாசம் ஐந்தாக இருக்கும் கணக்கு எதை எடுத்தாலும் இரண்டு தவறும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். 64 − 27 கொடுத்தால் பிரிந்துவிடும்: சரியான விடை 37, திருப்பிக் கழித்தவருக்கு 43, குறைக்க மறந்தவருக்கு 47.

இனி உரையாடல். அன்றே, பாடம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே நடக்க வேண்டும். தொடக்கம் ஒரு கேள்வி.

"டீச்சர், 'புரிஞ்சுதா'ன்னு கேட்டப்போ யாரு யாரு பதில் சொன்னாங்க?"

"முன்னாடி ரெண்டு வரிசை சார்."

"64 − 29 போட்டப்போ அஞ்சு பேருக்கு 45 வந்திருக்கு. எப்படி வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

இங்கே பயிற்றுநர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்து, "திருப்பிக் கழிச்சிருக்கான்" என்று அவரே சொல்லும்போது கிடைக்கும் தெளிவு, பயிற்றுநர் சொல்லிக் கிடைப்பதில்லை. ஒரு வேளை இரண்டாவது வழி அவருக்குத் தோன்றாவிட்டால் அப்போது காட்டிக் கொடுக்கலாம். பிறகு ஒரே ஒரு செயல். நாளைக்குக் கணக்குப் பாடத்தில் 64 − 27. எல்லோரும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், "தூக்கு" என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். 43 எழுதியவர்கள் குச்சிக் கட்டோடு ஒரு பக்கம், 47 எழுதியவர்கள் சிலேட்டோடு இன்னொரு பக்கம். அவ்வளவுதான்.

பலர் தவிர்க்கும் படி இதற்கு அடுத்தது: ஒத்திகை. ஆசிரியர் எழுந்து நின்று, பிள்ளைகளிடம் சொல்லப் போகும் அந்தக் கட்டளையை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பயிற்றுநர் பிள்ளையாக உட்கார்ந்து பக்கத்துச் சிலேட்டை எட்டிப் பார்க்க வேண்டும். "எழுதியாச்சுன்னா கவுத்து வை, நான் சொன்னப்புறம்தான் தூக்கணும்" என்ற சொல் வாயில் பழகாவிட்டால் மறுநாள் எழுத எழுத ஒவ்வொருவராகத் தூக்கிக் காட்டுவார்கள், பின்னால் இருப்பவன் பார்த்து எழுதுவான், முயற்சி பாழ். ஐந்து நிமிட ஒத்திகைக்குப் பெரியவர்களுக்குக் கூச்சம் இருக்கும். முதல் தடவை பயிற்றுநரே நின்று செய்து காட்டினால் அந்தக் கூச்சம் போய்விடும். பேச்சு, செயல், ஒத்திகை எல்லாம் சேர்த்து இருபது முதல் முப்பது நிமிடம்.

அப்புறம் திரும்பி வர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அதே பயிற்றுநர், அதே வகுப்பு, அதே செயலைத் தேடி. இந்தத் திரும்பி வருதல் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை.

சேவை எங்கே கோளாறாகிறது என்று பார்த்தால் முதல் காரணம் செல்பேசி. வகுப்பறை உற்றுநோக்கல் விவரங்களைச் செயலியில் பதிவது கட்டாயம் ஆனதிலிருந்து, ஆசிரியரின் கண்ணுக்கு வட்டாரக் கல்வி அலுவலரும் பயிற்றுநரும் ஒன்றாகிவிட்டார்கள். இருவரும் கையில் கைபேசியோடு வருகிறார்கள், இருவரும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்கள், இருவரும் எதையோ தட்டுகிறார்கள். தரவு தேவையில்லை என்று சொல்லவில்லை. மாவட்டத்தில் எந்த ஒன்றியம் பின்தங்கியிருக்கிறது என்று தெரியாமல் திட்டமிட முடியாது. ஆனால் அந்தத் தரவை எடுக்க வந்தவரிடம் ஓர் ஆசிரியர் தனக்கு நன்றாக வரும் பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார், ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தையே மறுபடி நடத்துவார், நன்றாக வாசிக்கும் பிள்ளையைத்தான் எழுப்புவார். அது மனித இயல்பு. உதவி தேவைப்படும் பாடம் பயிற்றுநர் கண்ணில் படுவதே இல்லை. மருத்துவரிடம் வலியை மறைத்தால் மருந்து கிடைக்குமா?

இங்கிலாந்து இந்த இடத்தில் ஒரு தெளிவான முடிவு எடுத்திருக்கிறது. அங்கே 2021 செப்டம்பர் முதல் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு அறிமுகக் காலம், முன்பு அது ஓராண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. மதிப்பிட்டு அறிக்கை எழுதுபவர் வேறொருவர். இரண்டு பொறுப்பையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். முதலாம் ஆண்டு பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டு 5 சதவீதமும் கற்றுக்கொள்வதற்கென்றே விடுவிக்கப்படுகிறது. வாரத்துக்கு 40 பாடவேளை என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டில் வாரம் 4 பாடவேளை. நம் நிலைமைக்கு அது கனவுதான், பிரித்து வைப்பதற்கு மட்டும் பணம் தேவையில்லை. அங்கேயும் குறைகள் இருந்தன. வழிகாட்டிகளுக்கான பயிற்சியே இரண்டு ஆண்டு என்று வைத்ததால் அவர்களுடைய பணிச்சுமை கூடியது, ஆசிரியர் பட்டப்படிப்பில் படித்ததையே மறுபடி படிக்க வைக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு பரவலாக எழுந்தது. 2025 செப்டம்பரில் திட்டத்தைத் திருத்தி வழிகாட்டிப் பயிற்சியை ஓராண்டாகக் குறைத்தார்கள். இரண்டு பொறுப்பையும் பிரித்து வைத்ததை மட்டும் அவர்கள் விடவில்லை.

இரண்டாவது கோளாறு எண்ணிக்கை. ஒரு பயிற்றுநரிடம் 15 பள்ளி, பள்ளிக்கு 3 ஆசிரியர் என்று வைத்தால் 45 பேர். மாதத்தில் 22 வேலை நாளில் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் அறிக்கைக்கும் 6 நாள் போனால் மீதி 16. முன்பேச்சு, பாடவேளை, பின்பேச்சு, ஒத்திகை என்று முறையாகச் செய்தால் ஒரு நாளைக்கு இரண்டு ஆசிரியர், மாதத்துக்கு 32 பார்வை. எல்லோரையும் சமமாகப் பார்த்தால் ஒருவருக்கு மாதம் ஒரு தடவைகூட வராது. அதனால்தான் ஒரே நாளில் மூன்று பள்ளி, பள்ளிக்கு முப்பது நிமிடம் என்று ஓட்டம் தொடங்குகிறது. இதற்கு நல்ல வழி ஒரு பருவத்துக்குப் பத்து ஆசிரியரை மட்டும் தேர்ந்தெடுப்பது. பத்துப் பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் மாதம் 20 பார்வை. மீதி 12 மற்றவர்களுக்கு. மூன்று பருவத்தில் முப்பது பேருக்கு முழுமையான உதவி போய்ச் சேர்ந்திருக்கும். முதலில் எடுக்க வேண்டியவர்கள் புதிதாகப் பணியேற்றவர்களும், தொடக்கப் பள்ளிக்கு மாறுதலில் வந்தவர்களும். 'பின்தங்கியவர்' என்று பட்டியல் போட்டு எடுத்தால் அந்தப் பட்டியலில் பெயர் வருவதே தண்டனையாகிவிடும். விரும்பிக் கேட்பவருக்கு அந்தப் பத்தில் மூன்று இடமாவது ஒதுக்குவது நல்லது.

மூன்றாவது, பாடப் பொருத்தம். பயிற்றுநர்கள் பட்டதாரி ஆசிரியர் தகுதியில் ஏதோ ஒரு பாடத்தில் தேறி வந்தவர்கள். வரலாறு படித்தவர் ஒன்றாம் வகுப்பில் எழுத்து அறிமுகம் செய்வதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு 64 − 29-இன் 45 கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை. இலங்கையில் வலயக் கல்வி அலுவலகங்களின் சேவைக்கால ஆசிரிய ஆலோசகர்களைப் பாடவாரியாக வைத்திருக்கிறார்கள். கணித ஆலோசகர் கணித வகுப்புக்குத்தான் போவார். அங்கே தேவைக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆலோசகர்கள் இல்லை என்ற குறை வேறு, அமைப்பு என்ற அளவில் அதுதான் சரி. இங்கேயும் ஓர் ஒன்றியத்தில் இருக்கும் பயிற்றுநர்கள் தங்களுக்குள் மொழி, கணக்கு என்று பிரித்துக்கொண்டு குறுவள மையங்களை மாற்றி மாற்றிப் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தொடக்கநிலை வாசிப்பிலும் எண்களிலும் பிள்ளைகள் செய்யும் வழக்கமான தவறுகளை, மேலே பார்த்த 43, 47 போல, ஒரு சிறு கையேடாகப் பயிற்றுநர்களுக்குக் கொடுப்பது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எளிதாகச் செய்யக்கூடிய வேலை.

பார்வைப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கற்பித்தல் நன்று. மெல்லக் கற்போர் மீது கூடுதல் கவனம் செலுத்தவும்' என்று எழுதிக் கையெழுத்திடுவதால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஒப்புக்கொண்ட அந்த ஒரு செயலையும், திரும்பி வரும் தேதியையும் எழுதினால் பதிவேடே அடுத்த சந்திப்புக்கு அழைப்பாகிவிடும்.

இணையவழி ஏற்பாடுகளில் ஒன்று தேசிய வழிகாட்டுதல் இயக்கம். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் இடம்பெற்று, 2021 பட்ஜெட் உரையில் அறிவிக்கப்பட்டு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பொறுப்பில் வந்தது. 2022 ஜூலை 29-இல் 60 வழிகாட்டிகளோடு 30 மத்தியப் பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள்: 15 கேந்திரிய வித்யாலயா, 10 ஜவஹர் நவோதயா வித்யாலயா, 5 சி.பி.எஸ்.இ. பள்ளிகள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் வழிகாட்டிகளாகப் பதிவுசெய்ய, உதவி வேண்டுபவர் இணையதளம் வழியே அவர்களோடு பேசலாம் என்பது அடிப்படை. ஊரில் தன் பாடத்துக்கு ஒரே ஆசிரியராக இருப்பவருக்கு, எடுத்துக்காட்டாக மேல்நிலை இயற்பியல் ஆசிரியருக்கு, ஆய்வகச் சோதனையில் ஒரு சந்தேகம் என்றால் இது நல்ல வசதி. மேலதிகாரி நடுவில் இல்லாதது இதன் பெரிய பலம். தொடக்கப் பள்ளி வகுப்பறைக்கு இது போதாது. வழிகாட்டி கடைசி வரிசை நோட்டைப் பார்ப்பதில்லை, ஆசிரியர் சொல்வதை மட்டுமே கேட்கிறார். தனக்குத் தெரியாத சிக்கலை ஆசிரியர் எப்படிச் சொல்வார்? தென்னாப்பிரிக்காவிலேயே பின்னால் நடந்த இன்னோர் ஆய்வில், நேரில் போன வழிகாட்டியையும் கைக்கணினி, தொலைபேசி வழியே உதவிய வழிகாட்டியையும் ஒப்பிட்டார்கள். ஆங்கில வாசிப்பில் நேரில் போனவரின் பள்ளிகளே தெளிவாக முந்தின.

நேரில் வர ஆளில்லாத பள்ளிக்கு இடைப்பட்ட வழி ஒன்று உண்டு: வகுப்பைச் செல்பேசியில் பதிவுசெய்து பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு சேர்ந்து பார்ப்பது. முழுப் பாடவேளையையும் எடுக்க வேண்டாம், யாரும் பார்த்து முடிக்கமாட்டார்கள். எட்டு நிமிடம் போதும். அந்த எட்டு நிமிடம் பிள்ளைகள் தாங்களாகக் கணக்குப் போடும் நேரமாக இருக்க வேண்டும், ஆசிரியர் விளக்கும் நேரமாக இருக்கக் கூடாது. செல்பேசியைக் கரும்பலகைப் பக்கம் வைத்துப் பிள்ளைகளை நோக்கித் திருப்பினால் ஆசிரியர் யாரைக் கவனிக்கவில்லை என்பது உடனே தெரியும். பெரும்பாலோருக்கு முதல் அதிர்ச்சி, தாங்கள் வகுப்பின் ஒரு பக்கம் மட்டுமே பார்த்துப் பேசுகிறோம் என்பது. மின்விசிறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, பதிவு செய்யும் அந்த எட்டு நிமிடம் அதை நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகள் தெரியும் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. செல்பேசியை நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அழித்துவிட வேண்டும். பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

மொத்தத்தில் இந்தச் சேவை வேலை செய்யும் என்பதற்குச் சான்று குறைவில்லை. 2018-இல் மாத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வகுப்பறை வழிகாட்டுதலால் கற்பித்தல் தரம் 0.49 திட்டவிலக்கமும் மாணவர் அடைவு 0.18 திட்டவிலக்கமும் உயர்ந்திருந்தன. கூடவே ஓர் எச்சரிக்கையும் அதில் உண்டு: நூறு ஆசிரியருக்கு மேல் விரித்த திட்டங்களில் பலன் நன்றாகச் சுருங்கிவிட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம், ஒரே இலக்கு என்று விரிக்கும்போது முதலில் காணாமல் போவது அந்தத் தனிப்பட்ட அரை மணி நேரம்தான். நாளைக்குப் பத்து மடங்கு பயிற்றுநர்களை நியமித்தாலும் அவர்கள் படிவம் நிரப்புவதற்கே வருவார்கள் என்றால் வகுப்பறையில் எதுவும் மாறாது.

இருக்கும் நிலையிலேயே ஓர் ஆசிரியர் இந்தச் சேவையிலிருந்து முழுப் பலனையும் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. பயிற்றுநர் வரும் நாள் தெரிந்தால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "சார், நாளைக்கு மூணாம் வகுப்புல வகுத்தல் எடுக்கிறேன், எனக்கே திருப்தியா வரல. அதைப் பாருங்க." வரவில்லை என்று தெரிந்த பாடத்தை எடுக்கத் துணிய வேண்டும். வந்ததும் கடைசி வரிசையில் நாற்காலி போடுங்கள். செயலியில் பதிவது பாடம் முடிந்த பிறகு நடக்கட்டும் என்று கேட்கலாம், நல்ல பயிற்றுநர் மறுக்கமாட்டார். பேசும்போது ஏழு எட்டு யோசனை வந்தால், "இதுல முதல்ல எதைச் செய்யட்டும் சார்?" என்று கேட்டு ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். அவர் பையை எடுப்பதற்குள் அடுத்து வரும் தேதியைக் கேட்டு, பதிவேட்டில் அவர் கையாலேயே எழுத வையுங்கள்.